கிராணிக்குத் தெரியாத பேர்

மதியம் பன்னிரண்டு மணிக்கு டெண்டர் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று, விடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள் ஹஸ்னிதா. பாதி தாண்டியதும் அவள் கண் ஒரு வரியில் மாட்டிக்கொண்டது.

'சமையற்கூட மேற்பார்வையாளர்: வான் சல்பியா பிந்தி வான் ஜுசோ.'

நேற்றும் முந்தாநாளும் இதே வரியைப் படித்திருக்கிறாள். பழகிய பேர் என்பதால் கண் தாண்டிப் போயிருக்கிறது.

சல்பியா அவளுடைய நாத்தனார். வீட்டில் இளையவர்கள் எல்லாருக்கும் காக் லோங், மூத்த அக்கா. பதினேழு வருஷமாக இந்தக் குடும்பத்தின் டெண்டர்களை ஒற்றை ஆளாக எழுதியவள். இந்த வருஷம் நோன்புப் பெருநாள் விருந்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்தத் தாள்களைப் புகழ்ந்தார். மாமனார் வான் ஜுசோ சிரித்துக்கொண்டே, "தொழிலை நடத்தறவன் என் மகன். இவ தாள் எழுதுவா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். மறுவாரமே கம்பெனியை மகன் பக்ரியின் பேருக்கு மாற்றவும் செய்தார்.

சல்பியா சண்டை போடவில்லை. துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மாராங்கில் ஒரு சமையற்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். இவர்கள் ஊரான குவாலா திரங்கானுவிலிருந்து மாராங் அரை மணி நேரத் தூரம்தான். ஆனாலும் இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் போன பிறகு வந்திருக்கும் முதல் பெரிய டெண்டர் இது. விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்த மூன்று வருஷத்துக்குச் சாப்பாடு. இதுவரை இவர்கள் கையில் இருந்த வேலை. கைவிட்டுப் போனால் பின்கட்டில் எரியும் பெரிய அடுப்புகளில் பாதியை அணைத்துவிட வேண்டியதுதான். அங்கே வேலை செய்யும் பெண்களில் யாரை நிற்கச் சொல்வது, யாரைப் போகச் சொல்வது என்று ஹஸ்னிதாவால் யோசிக்கவே முடியவில்லை.

பக்ரி ஆயிரம் பேருக்குச் சமைப்பான். ஆனால் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கொட்டாவி விடுவான். அதனால் எழுத்து வேலை அவன் மனைவி ஹஸ்னிதாவின் தலையில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போன் கடையில் வேலை பார்த்தவள் அவள். சல்பியாவின் பழைய டெண்டர்களை எல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குப் படிக்கக் கொடுத்தாள். புது விதிமுறைகளையும் கொடுத்து, இதே போல எழுது என்றாள். அது எழுதியது.

மாமனார் அதற்கு 'கிராணி' என்று பேர் வைத்தார். அலுவலக எழுத்தரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "சம்பளம் கேக்காத கிராணி. ஒரு கிளாஸ் தே தாரே டீகூட கேக்காது" என்பார்.

கிராணி கெட்டிக்காரன்தான், ஆனால் அளக்கவும் செய்வான். முதல் நாளே மாநில அளவில் இவர்கள் பரிசு வாங்கியதாக ஒரு பத்தி எழுதிவிட்டான். இதை எங்கே பார்த்தாய் என்று ஹஸ்னிதா கேட்டதும், ஆதாரம் எதுவும் இல்லை, மன்னிக்கவும் என்று நீக்கினான். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் அவள் ஆதாரம் தேடுகிறாள். இந்த ஒரு வரிக்கு மட்டும் தேடத் தோன்றவில்லை.

"அபாங், இங்க வாங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

பக்ரி ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். திரையைப் பார்த்தான்.

"ஆமா, காக் லோங் பேரு. எப்பவும் அவ பேருதானே போடுவோம்?"

"அவங்க இப்ப நம்மகூட இல்லையே."

"அக்கா இல்லேன்னு ஆயிடுமா?"

"அக்காதான். ஆனா நம்ம அடுப்படியில நிக்கலையே. சான்றிதழ் இருக்கற மேற்பார்வையாளர் கட்டாயம் வேணும், அவங்க சம்மதக் கடிதத்துல கையெழுத்தும் போடணும்னு விதி. அது இல்லேன்னா பிரிச்சுப் பார்க்காமலே தூக்கி வச்சிடுவாங்க."

பக்ரி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காக் லோங் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ரெண்டு வளைவு, ஒரு கோடு. நான் போட்டுடறேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"உங்க கையெழுத்தை வேற யாராச்சும் போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"என் கையெழுத்தை எவன் போடப் போறான்?"

"நான் போடறேன், மோட்டார் சைக்கிளை வித்தாச்சுன்னு."

அந்த நேரம் பார்த்து வாசலில் செருமல் கேட்டது. வெள்ளைத் தொப்பியைச் சரி செய்தபடி மாமனார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"காரை எடு நிதா" என்றார். "நானும் வர்றேன்."

"எங்கே அயா?" மாமனாரை அவளும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாராங்குக்கு. வேற எங்கே?"

பக்ரி மற்றப் பக்கங்களை அச்செடுத்துத் தயாராக வைப்பது, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இடம் விட்டு வைப்பது, கல்வி அலுவலகத்துக்கு எதிரில் உள்ள நகல் கடையில் எல்லாரும் சந்திப்பது என்று முடிவாயிற்று. மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை; இங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, அலுவலகம் கிடையாது. ஒரு நாள் கூடக் கேட்கவும் வழியில்லை.

கடற்கரைச் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. மாமனார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கிராணி எழுதினதை வாசிச்சுக் காட்டுமாமே, பக்ரி சொன்னான்" என்றார்.

ஹஸ்னிதா போனை அழுத்தினாள். ஒரு குரல் படிக்க ஆரம்பித்தது. கம்பெனியின் வரலாறு வந்தது. பாத்திரங்களின் விவரம் வந்தது. அதன் பிறகு மழைக்காலத்தைப் பற்றிய பகுதி.

'சாலை மூழ்கினாலும் பிள்ளைகளின் தட்டு காலியாக இருக்காது. மழை எச்சரிக்கை வந்த அன்றே அரிசியும் கருவாடும் விடுதியில் இறக்கி வைக்கப்படும். எங்கள் ஆட்களில் இருவர் தண்ணீர் வடியும்வரை விடுதியிலேயே தங்குவார்கள். வீட்டை நினைத்து அழுகிற சின்னப் பிள்ளைக்குச் சூடான கஞ்சி பாதி மருந்து.'

"நிறுத்து" என்றார்.

ஹஸ்னிதா பிரேக்கில் கால் வைத்தாள்.

"வண்டியை இல்லம்மா. அதை. மறுபடியும் படிக்கச் சொல்லு."

மறுபடி படித்தது. வைப்பர் இரைச்சலுக்கு மேல் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"கஞ்சி பாதி மருந்துன்னு கிராணியா எழுதிச்சு?"

"இல்ல அயா. காக் லோங் எழுதினது. ஒவ்வொரு டெண்டர்லயும் அந்தப் பகுதி இருக்கு. கிராணி அதை அப்படியே எடுத்துக்கிச்சு."

"நான்தானே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா."

"ஒரு தடவைகூடப் படிச்சதில்லை." மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ அம்மா சொல்ற வார்த்தை அது."

ஹஸ்னிதா சாலையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து மெதுவாக ஓட்டினாள்.

மாராங்கில் அந்தச் சமையற்கூடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. 'ஹாஜா மெரியாம் உணவகம்' என்று பெரிய பலகை. உள்ளே லாரியிலிருந்து மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் சல்பியா. முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. அதட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

தகப்பனாரைப் பார்த்ததும் கையிலிருந்த மீனைப் பெட்டியில் போட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து, குனிந்து, அவர் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"உடம்பு நல்லா இருக்கா அயா?"

"இருக்கு."

"முட்டி?"

"மழைன்னா வலிக்கும்."

ஹஸ்னிதா மடிக்கணினியைத் திறக்கப் போனாள். சல்பியா சட்டென்று கையை நீட்டி மூடியை அழுத்திப் பிடித்தாள்.

"விடுதி டெண்டரா?"

"ஆமா காக் லோங்."

"திறக்காதே. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குக் காட்டாதே. நானும் என்னோடதைக் காட்ட மாட்டேன்."

ஹஸ்னிதாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பலகையை மறுபடி பார்த்தாள். "நீங்களும் போடறீங்களா?"

"எங்க முதலாளி ஹாஜா போடறாங்க. எழுதறது நான். மேற்பார்வையாளரும் நான்தான்."

ஹஸ்னிதா ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, நடந்ததைச் சொன்னாள். பழைய தாள்களைச் செயலிக்குக் கொடுத்தது, அது சல்பியாவின் பேரை எடுத்துப் போட்டது, காலையில்தான் கவனித்தது, கையெழுத்து வாங்க வந்தது. பக்ரி சொன்ன யோசனையை மட்டும் விட்டுவிட்டாள்.

சல்பியா சிரித்தாள். "அடிக், என் அருமைத் தம்பி, என் கையெழுத்தைத் தானே போட்டுடறேன்னு சொல்லியிருப்பானே."

ஹஸ்னிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பள்ளிக்கூட ரிப்போர்ட்டுல அம்மா கையெழுத்தைப் போட்டவன். நீ விடலையாக்கும்?"

"எப்படி விடறது? உங்க பேரு அது."

சல்பியா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் குரல் மாறியிருந்தது.

"நிதா, அந்த வீட்டுல என் பேரை எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கேட்ட முதல் ஆளு நீ. கையெழுத்துப் போட முடியலை. ஆனா கேட்டியே, அதுக்கு ரொம்ப நன்றி."

ஹஸ்னிதாவின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நாங்க இந்தத் தடவை போட முடியாது காக் லோங். நீங்களே ஜெயிச்சுக்கோங்க. உங்ககிட்ட தோக்கறதுல எனக்கு வருத்தமில்லை."

"போட்டி போடாமலா? அப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை." சல்பியா அவளைக் கூர்ந்து பார்த்தாள். "உன் சான்றிதழ் எங்கே?"

"என்ன சான்றிதழ்?"

"என்ன சான்றிதழா? மூணு வருஷம் முன்னாடி உன்னைச் சமையற்கூட மேற்பார்வைப் படிப்புக்கு அனுப்பினேனே. வாரக் கடைசியெல்லாம் உன் அடுப்பையும் சேர்த்து நான் பார்த்துக்கிட்டேனே, மறந்துட்டியா? தேறினியா இல்லையா?"

"தேறினேன். ஆனா அனுபவம் வேணுமே. அஞ்சு வருஷம்."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு."

"அந்த ஆறு வருஷமும் விடியறதுக்கு முன்னாடி அடுப்படியில நின்னது யாரு? மீன் வாங்கினது, உப்புப் பார்த்தது, பொண்ணுங்களை வேலை வாங்கினது யாரு? அதெல்லாம் விருந்தாடியா வந்து நின்னதா?"

"சம்பளப் பட்டியல்ல என் பேரே கிடையாதே."

"சம்பளப் பட்டியலை யாரு கேட்டா? வேலை செஞ்ச இடத்து முதலாளி எழுதிக் கொடுத்தாப் போதும். விதிமுறையிலே இருக்கு, எல்லாரும் படிக்கற பக்கம்தான். அந்த வருஷங்கள்ல முதலாளி யாரு? இதோ நிக்கிறார்." ஒரு கணம் நிறுத்தி, "உன் கிராணிகிட்ட உன்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னியா?" என்று கேட்டாள்.

ஹஸ்னிதா யோசித்தாள். வாரக்கணக்காக அதனோடு பேசியிருக்கிறாள். அடுப்பைப் பற்றி, பாத்திரத்தைப் பற்றி, மாமனாரைப் பற்றி, பக்ரியைப் பற்றி. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழைய தாள்களிலும் அவள் பேர் இல்லை. பிறகு அதற்கு எப்படித் தெரியும்?

"சொல்லலை" என்றாள் மெதுவாக.

"போய்ச் சொல்லு. இங்க வேண்டாம், ஹாஜா பார்த்தா எனக்குத்தான் சங்கடம். காருக்குள்ள உக்காந்து சொல்லு." சல்பியா எழுந்தாள். "இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க விலையையும் கேக்காதே, எதையும் கேக்காதே. நான் விட்டுக்கொடுக்கவும் போறதில்லை."

"விட்டுக்கொடுக்காதீங்க."

மாமனார் அதுவரை மீன் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் திரும்பியதும், "சல்பியா" என்று கூப்பிட்டார்.

"என்ன அயா?"

"கையெழுத்துக்காக நிதா வந்தா. நான் அதுக்காக வரலை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சும்மா உன்னைப் பார்க்கணும்னு கிளம்பினேன். வழியில கிராணி நீ எழுதினதை வாசிச்சுது. அப்பத்தான் என்ன சொல்லணும்னு தெரிஞ்சுது. பதினேழு வருஷம் எங்க சட்டியில சோறு இருந்ததே, அது நீ எழுதினதால. உனக்கு நன்றிம்மா."

சல்பியா முந்தானை போலத் தொங்கிய தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போனாள். வாழை இலையில் கட்டிய நாசி டாகாங் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டீங்க. மருந்து போடறதுக்கு முன்னாடி சாப்பிடுங்க."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினாள் ஹஸ்னிதா. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். மாமனார் பக்கத்து இருக்கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார் முழுக்கத் தேங்காய்ப்பால் சோற்று வாசனையும் சூரைமீன் குழம்பு வாசனையும்.

மேற்பார்வையாளர் மாறிவிட்டார், இனி ஹஸ்னிதா பிந்தி ரம்லான் என்று எழுதினாள். கிராணி கேள்வி கேட்டது. அவர் அன்றாடம் என்ன செய்கிறார்? இந்தச் சமையற்கூடத்தில் அவர் கொண்டுவந்த மாற்றங்கள் என்ன?

விரல் நகரவில்லை.

"என்னம்மா?"

"என்ன மாத்தினேன்னு கேக்குது அயா. நான் என்ன மாத்தினேன்? எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சேன்."

மாமனார் வாயிலிருந்ததை விழுங்கினார். "நிலக்கடலை ஆகாத பிள்ளைங்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. யாரு ஆரம்பிச்சது?"

"அது சின்ன விஷயம்."

"எழுதிக்க. அப்புறம் விடுதியில அம்மை வந்துதே, அப்ப படுத்த பிள்ளைங்களுக்கெல்லாம் தனியாக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனே. யாரும் சொல்லலை. உன் பிள்ளைகிட்டயே போகாம மாடியில தனியாப் படுத்தே, அவனுக்கு ஒட்டிக்கும்னு."

ஹஸ்னிதா திரும்பி அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் விடியக்காலைத் தொழுகைக்கு எழுந்திருக்கறப்ப எல்லாம் கீழே விளக்கு எரியும். கண்ணு தெரியாதவனா நான்? வாயிலதான் வராது." விரலை நக்கிக்கொண்டார். "இன்னொண்ணு. கெட்டுப்போன மீனை அனுப்பினவனை நீ வாசல்லயே நிறுத்தி லாரியோட திருப்பி அனுப்பினது. பக்ரி, பாவம் போகட்டும்னான். நீ விடலை. அதையும் எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சல்பியாவைப் போல வருமா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றே பயந்திருந்தாள். தன்னையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

கிராணி எழுதி முடித்தது. படித்துப் பார்த்தாள். 'நாட்டின் தலைசிறந்த நிபுணர்களில் ஒருவர்' என்று ஆரம்பித்திருந்தது.

மாமனார் எட்டிப் பார்த்து, "அளக்கிறான்" என்றார்.

"அளக்கிறான்" என்று அவளும் சொல்லிச் சிரித்து, அந்த வரியை அழித்தாள். பத்து வருட அனுபவம் என்று இருந்ததை ஆறு என்று திருத்தினாள். அம்மைக் கஞ்சியை மட்டும் தொடவில்லை. மாமனார் கையெழுத்திட வேண்டிய அனுபவ உறுதிக் கடிதத்தையும் தயார் செய்து பக்ரிக்குக் கூப்பிட்டாள்.

"என் துணி அலமாரியில, கீழ்த்தட்டுல, பச்சை உறைக்குள்ள ஒரு சான்றிதழ் இருக்கும். எடுத்துக்கிட்டு வாங்க."

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உறை பிரியும் சத்தம்.

"நிதா, இது எப்ப வாங்கினே?"

"மூணு வருஷம் ஆச்சு. கொண்டுவந்து காட்டினேன். நீங்க கால்பந்து பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"ஜெயிச்சோமா அன்னிக்கு?"

"தோத்தீங்க."

"நல்லது" என்றான் பக்ரி. கொஞ்சம் பொறுத்து, "இதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கணும்" என்றான்.

திரும்பி வரும் சாலையில் ஒரு பாலத்தருகே தண்ணீர் ஏறியிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. மாமனார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். ஹஸ்னிதா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நகல் கடையில் பக்ரி கதவருகே நின்று கையாட்டினான். சட்டை நனைந்திருந்தது. தாள்கள் மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தன. கடைக்காரர் அச்செடுத்துத் தந்தார். சம்மதக் கடிதத்தில் ஹஸ்னிதா கையெழுத்திட்டாள். உறுதிக் கடிதத்தை மாமனார் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க ஆரம்பித்தார்.

"அயா, நேரமாச்சு" என்று பக்ரி தவித்தான்.

"படிக்காம இனிமே கையெழுத்துப் போடறதா இல்லை."

படித்து முடித்தார். போட்டார்.

டெண்டர் பெட்டி அலுவலகத்தின் முன்கூடத்தில், ஒரு மேஜைமேல் இருந்தது. பூட்டும் சாவியுமாக ஊழியர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஹஸ்னிதா உறையைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்தாள். கனமாகப் போய் விழுந்தது. அல்ஹம்துலில்லா என்று வாய்க்குள் சொல்லித் திரும்பினால், பின்னால் சல்பியா நின்றிருந்தாள். அவளும் நனைந்திருந்தாள். அவள் கையிலும் ஓர் உறை.

"பாலத்துல மாட்டிக்கிட்டேன்" என்றாள் சல்பியா.

"நாங்களும்தான்" என்று சொல்லி, ஹஸ்னிதா நகர்ந்து வழி விட்டாள்.

இரண்டாவது உறையும் விழுந்தது. ஊழியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் வாயைப் பூட்டினார். "இந்தத் தடவை தாளோட முடியாது. திங்கக்கிழமையில இருந்து குழு நேர்லயே சமையற்கூடத்துக்கு வரும். மேற்பார்வையாளர்கிட்டதான் கேள்வி கேப்பாங்க, தயாரா இருங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிராணி வந்து பதில் சொல்லாது" என்றாள் சல்பியா.

"தெரியும்."

"பயமா இருக்கா?"

"காலையில இருந்துச்சு." ஹஸ்னிதா நாத்தனாரின் ஈரக் கையைப் பிடித்து, குனிந்து முத்தமிட்டாள். "படிப்புக்கு அனுப்பினீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். நன்றி, காக் லோங்."

சல்பியா அவள் தலையை ஒரு தரம் தொட்டாள். தம்பியின் தோளில் லேசாக ஒரு குத்து விட்டாள். தகப்பனார் கையை முத்தமிட்டாள். மழையில் இறங்கி நடந்து, ஹாஜா மெரியாமின் வேனில் ஏறிக்கொண்டாள். வேன் திரும்பும்வரை நால்வரில் மீதி மூவரும் படியிலேயே நின்றார்கள்.

வீடு போகும் வழியில் பக்ரி ஓட்டினான். மாமனார் பின்னால் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் ஹஸ்னிதா நினைத்தாள்.

"பக்ரி."

"சொல்லுங்க அயா."

"ஞாயித்துக்கிழமை காலையில கம்பெனிப் பதிவு அலுவலகத்துக்குப் போறோம். உன் அடையாள அட்டையை எடுத்து வச்சுக்க."

கார் சற்று வேகம் குறைந்தது. பக்ரி கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

"எதுக்கு அயா?"

"பேரு சேர்க்க."

"யாரு பேரை?"

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணா ரெண்டான்னு இன்னும் முடிவு பண்ணலை" என்றார்.